பேசும் விரல்கள்... பாலசரஸ்வதி!

நம்ம மாதிரி பாலிடெக்னிக் ஆண்டு மலர் என்றாலே விஸ்வேஸ்வரய்யா வருவார், ஜி.டி.நாயுடு வருவார், எடிசன் வருவார். வரட்டும், அவர்களெல்லாம் வரவேண்டியவர்கள்தான். இந்த முறை நான் ஒரு நாட்டியக் கலைஞரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். என்னடா இது, மெக்கானிக்கல் படிக்கிறவன் பரதநாட்டியம் பத்தி எழுதுறானேன்னு சிரிக்க வேண்டாம். காரணம் இருக்கு.

நம்ம ஒர்க்ஷாப்பில் எல்லா லேத்தும் ஒரே நேரத்தில் ஓடும்போது பேச்சு காதில் விழுமா? விழாது. அப்போது நமக்கு ஒரே மொழி கைதான். கட்டைவிரலைத் தூக்கினால் சரி. உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து அப்படியும் இப்படியும் வீசினால் நிறுத்து. பெரிய தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுபவருக்குக் கீழே நிற்பவர் ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சிறு வட்டம் போட்டால் சுமையை மேலே தூக்கு என்று பொருள். அதே விரலைக் கீழே நீட்டினால் இறக்கு என்று பொருள். விரல் தப்பினால் உயிர் போகும். அதனால் அந்தச் சைகைகளை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டும் அந்தக் கைக்கு நாட்டிய சாஸ்திரத்தில் சூசி என்று பெயர். சூசி என்றால் ஊசி. நாம் சரி என்று காட்டுகிறோமே, கட்டைவிரலை நிமிர்த்திய முஷ்டி, அதற்குப் பெயர் சிகரம். அது நாட்டியத்தில் கணவனாகும், வில்லாகும், தூணாகும், மணியடிக்கும் கையும் ஆகும். ஆம், கைக்கு இலக்கணம் எழுதியவர்கள் நம் முன்னோர்கள்! அந்த இலக்கணத்துக்கு இருபதாம் நூற்றாண்டில் உயிர் கொடுத்த ஒரு பெண்மணியின் கதைதான் இது. அவர் பெயர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி.

கையின் இலக்கணம்

முதலில் அந்த இலக்கணத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நந்திகேசுவரர் இயற்றியதாகச் சொல்லப்படும் அபிநய தர்ப்பணம் என்ற நூல், ஒற்றைக் கையால் காட்டும் முத்திரைகள் 28 என்று சொல்கிறது. இரண்டு கைகளையும் சேர்த்துக் காட்டுபவை தனி. ஒற்றைக் கைக்கு அசம்யுத ஹஸ்தம், இரட்டைக் கைக்கு சம்யுத ஹஸ்தம் என்று பெயர்.

இது வடமொழிச் சரக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலேயே பிண்டி, பிணையல், எழிற்கை, தொழிற்கை என்ற சொற்கள் வருகின்றன. பிண்டி ஒற்றைக் கை, பிணையல் இரட்டைக் கை. எழிற்கை அழகுக்காக வரும் கை, தொழிற்கை ஒரு செயலைக் காட்டும் கை. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் ஒற்றைக் கை 33, இரட்டைக் கை 15 என்று பிரித்துக் காட்டுகிறார். நம்ம டிராயிங் புத்தகத்தில் கோடுகளை வகை பிரித்திருக்கிற மாதிரி!

விரல்களை நேராகச் சேர்த்து நீட்டிக் கட்டைவிரலை மட்டும் மடக்கினால் பதாகம். அது மேகமாகலாம், காடாகலாம், ஆறாகலாம், இரவாகலாம், குதிரையாகலாம், வேண்டாம் என்று தடுப்பதாகவும் ஆகலாம். கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் தொட்டு, மற்ற மூன்று விரலும் விரிந்து நின்றால் ஹம்ஸாஸ்யம், அதாவது அன்னத்தின் முகம். முத்தைப் பிடிப்பது, ஓவியம் வரைவது, உபதேசம் செய்வது, தாலி கட்டுவது எல்லாம் இந்த ஒரு கைதான். ஐந்து விரல் நுனிகளும் கூடினால் மொட்டு. அவை சுழன்று விரிந்தால் அலபத்மம், மலர்ந்த தாமரை.

இப்போது ஒரு கேள்வி வரும். ஒரு கைக்கு இத்தனை பொருள் என்றால் பார்ப்பவருக்கு எது என்று எப்படிப் புரியும்? கை மட்டும் பேசுவதில்லை என்பதே பதில். கை எந்த இடத்தில் நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, கண் அதைப் பார்க்கிறதா வேறெங்கோ பார்க்கிறதா, பாட்டின் சொல் எது, ராகம் எது... இத்தனையும் சேர்ந்தால்தான் பொருள் வரும். 28 முத்திரையையும் ஒரு வருஷத்தில் மனப்பாடம் பண்ணிவிடலாம். பேசக் கற்றுக்கொள்ள ஒரு ஆயுள் வேண்டும். பாலசரஸ்வதி அந்த ஆயுளைக் கொடுத்தவர்.

இசை குடியிருந்த வீடு

1918ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் சென்னையில் பாலசரஸ்வதி பிறந்தார். பாட்டி யார் தெரியுமா? வீணை தனம்மாள்! ஜார்ஜ் டவுனில் தனம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை வீணை வாசிப்பு நடக்கும். பெரிய பெரிய வித்வான்களெல்லாம் வந்து சத்தம் போடாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள். கடைசிக் காலத்தில் தனம்மாளுக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. ஆனால் விரல்களுக்குப் பார்வை இருந்தது.

தனம்மாளின் நான்கு பெண்களில் ஒருவர் ஜெயம்மாள். நல்ல பாடகி. அவர் மகள்தான் பாலா. பாலாவின் தம்பிகளில் ரங்கநாதன் மிருதங்கம், விசுவநாதன் புல்லாங்குழல். இருவரும் பிற்காலத்தில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் இசையைக் கற்பித்தவர்கள். சித்தி பெண்கள்தான் பிருந்தாவும் முக்தாவும். வம்சத்தின் வேர் தஞ்சாவூர் அரண்மனையில். முன்னோரான பாப்பம்மாள் அங்கே இசையும் நாட்டியமும் நிகழ்த்தியவர்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த குழந்தைக்கு நாட்டியம் கற்பது சுலபமாக இருந்திருக்கும் என்றுதான் நினைப்போம். உண்மை அப்படி இல்லை. அந்தக் காலத்தில் தேவதாசி முறைக்கு எதிரான இயக்கம் சூடுபிடித்திருந்தது. சதிர் ஆடும் பெண் என்றாலே ஊர் ஒரு மாதிரி பார்த்தது. பாட்டு பரவாயில்லை, ஆட்டம் வேண்டாம் என்று சொந்தக்காரர்களே எதிர்த்தார்கள். ஆனால் மயிலாப்பூர் கௌரி அம்மாளின் அபிநயத்தைப் பார்த்த அந்தச் சின்னப் பெண்ணின் மனசு அதிலேயே ஒட்டிக்கொண்டது. கடைசியில் தாய் ஜெயம்மாள் மகள் பக்கம் நின்றார்.

கண்டப்பா பிள்ளை என்ற கம்மியர்

குருவாக வந்தவர் கண்டப்பா பிள்ளை. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரின் வழியில் வந்த நட்டுவனார். நாம் இன்றைக்கு மேடையில் பார்க்கிற அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் அந்த நால்வர்தான்.

கண்டப்பா பிள்ளை கண்டிப்பென்றால் அப்படியொரு கண்டிப்பு. நமக்கு முதல் வருஷத்தில் ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, சதுரமாகும் வரைக்கும் அரம் போடச் சொல்கிறார்களே, தட்டு மட்டத்தில் வைத்து வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் போடு என்று சொல்கிறார்களே, அந்த மாதிரி. அடவு சுத்தமாகும் வரை, தாளம் பிசகாத வரை, கையின் கோடு சரியாகும் வரை திரும்பத் திரும்ப ஆட வேண்டும். குழந்தைதானே என்று விட்டுவிட மாட்டார்.

1925ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தில் அம்மன் சந்நிதியில் பாலாவின் அரங்கேற்றம் நடந்தது. வயது ஏழு! ஏழு வயதில் நாமெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அடவும் தாளமும் கண்டப்பா பிள்ளை தந்தார். அபிநயத்தில் கௌரி அம்மாள், சின்னையா நாயுடு, பிறகு கூச்சிப்பூடி மரபில் வந்த வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரி ஆகியோரிடமும் பாலா கற்றார். பதங்களையும் ஜாவளிகளையும் வீட்டிலேயே அம்மா வாயால் கேட்டு வளர்ந்தவர் என்பதால், சொல்லின் பொருளும் ராகத்தின் வளைவும் அவருக்குத் தனித்தனியாகத் தெரியாது. இரண்டும் ஒன்றுதான். ஆடும்போதே தானும் பாடுவார். கச்சேரிகளில் பல ஆண்டுகள் ஜெயம்மாளே பாடினார். அம்மா பாட, மகள் கை அந்தப் பாட்டை எழுதும்.

புயலுக்கு நடுவே

1932ஆம் ஆண்டு வாக்கில் சதிர் என்ற பெயர் போய் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெறத் தொடங்கியது. வக்கீல் ஈ.கிருஷ்ண ஐயர் இந்தக் கலையைக் காப்பாற்றியே தீருவது என்று பாடுபட்டார். சென்னை மியூசிக் அகாடமியின் மேடை நாட்டியத்துக்குத் திறந்தது. 1933ஆம் ஆண்டு பாலசரஸ்வதி அங்கே ஆடினார். வயது பதினைந்து. அடுத்த ஆண்டு கல்கத்தா. தென்னாட்டைத் தாண்டி அந்தக் கலை போனதே அப்போது பெரிய செய்தி. 1935இல் கல்கத்தாவில் அவர் ஆட்டத்தைப் பார்த்த கூட்டத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் சத்யஜித் ராய். அந்தப் பையனைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்.

அதே 1935இல்தான் ருக்மிணி தேவி அடையாற்றில் முதன்முதலாக மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. மற்ற குடும்பத்துப் பெண்களும் நாட்டியம் கற்க முன்வந்தார்கள். கலைக்கு மரியாதை கூடியது. ஆனால் அந்தக் கலையைப் பல நூறு ஆண்டுகள் தூக்கிச் சுமந்த பெண்களுக்கு மரியாதை கூடியதா? அங்கேதான் நண்பர்களே, நெஞ்சு கொஞ்சம் கனக்கிறது.

1947ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்காக உழைத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரே அந்தச் சமூகத்தில் பிறந்தவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அதே சமூகத்திலிருந்து எழுந்து போராடியவர். அவர்கள் கண்ட கொடுமை பொய்யல்ல. ஒரு சிறுமியைக் கேட்காமலேயே அவள் வாழ்க்கையை முடிவு செய்யும் வழக்கம் போகத்தான் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வழக்கத்தைத் தூக்கி எறிந்த வேகத்தில், அந்தப் பெண்களின் கையில் இருந்த வித்தையையும் அசிங்கம் என்று ஊர் சொல்லிவிட்டது. பலர் சலங்கையைக் கழற்றிவிட்டு, ஆடத் தெரியும் என்பதையே மறைத்து வாழ்ந்தார்கள். குற்றம் முறையின் மேல். தண்டனை கலைஞர்களுக்கு.

பாலசரஸ்வதி மறைக்கவில்லை. தன் குலத்தையும் மறைக்கவில்லை, கலையையும் மாற்றிக்கொள்ளவில்லை. அந்த நிமிர்வுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

ஆனால் அந்த நிமிர்வுக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1938இல் பாட்டி தனம்மாள் மறைந்தார். குரு கண்டப்பா பிள்ளை உதயசங்கரின் அல்மோரா கலை மையத்துக்குக் கற்பிக்கப் போனார். 1941இல் அவரும் காலமானார். பாலாவின் உடல்நிலை கெட்டது, வாய்ப்புகள் குறைந்தன. 1940களில் அவர் இனி ஆடுவாரா என்று ரசிகர்களே கவலைப்பட்ட காலம் இருந்தது. 1943இல் மகள் லட்சுமி பிறந்தார்.

மீண்டு வந்தார். 1953ஆம் ஆண்டு மியூசிக் அகாடமியின் ஆதரவில் நாட்டியப் பள்ளி ஒன்றை அவர் பொறுப்பில் தொடங்கினார்கள். அங்கே நட்டுவாங்கம் யார்? குரு கண்டப்பா பிள்ளையின் மகன் கணேசன். குருவுக்குச் செலுத்தும் காணிக்கை இதைவிட வேறு என்ன?

ஒரே வரி, நூறு கைகள்

சரி, அப்படி என்னதான் செய்தார் அவர்? இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை கட்டுரையே இல்லை.

பதம் ஆடும்போது பாடகர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். ஆடுபவர் ஒவ்வொரு முறையும் அந்த வரிக்கு வேறொரு அபிநயம் காட்ட வேண்டும். முதல் முறை சொல்லுக்குச் சொல் பொருள். அடுத்த முறை அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் நினைவு. அதற்கடுத்து அந்த நினைவின் கோபம், பிறகு அந்தக் கோபத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஆசை... இப்படிப் போகும். பலர் இதை வீட்டிலேயே தயார் செய்து ஒப்பிப்பார்கள். பாலசரஸ்வதி மேடையிலேயே, அந்த நேரத்தில், பாட்டு போகிற போக்கில் உருவாக்குவார். பாடகர் ராகத்தில் புதுசாக ஒரு பிடி பிடித்தால் இவர் கை அதற்குப் பதில் சொல்லும். மனோதர்மம் என்பார்களே, அதுதான்.

அவர் கை பெரிதாகப் பாயாது. சுத்தமான முத்திரைதான். ஆனால் இதோ பார் முத்திரை என்று காட்டிக்கொள்ளாது. நாம் பேசும்போது எழுத்துக்கூட்டிப் பேசுகிறோமா என்ன? அந்த மாதிரி. கை போகும் இடத்துக்குக் கண் போகும், கண் போனால் மனம் போகும் என்பது நூலின் விதி. பாலாவிடம் மனம் முதலில் போய்விடும், கை பின்னாலேயே வரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவரோடு பெயர் சேர்ந்துவிட்ட பாட்டு, வியாசராயர் கன்னடத்தில் இயற்றிய கிருஷ்ணா நீ பேகனே பாரோ. யமுனா கல்யாணி ராகம். குழந்தைக் கண்ணனைச் சீக்கிரம் வா என்று அழைக்கும் பாட்டு. வா என்று கூப்பிட எத்தனை கை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நம் அம்மா நம்மைச் சாப்பிடக் கூப்பிடும் கை ஒன்று. தப்பு பண்ணிவிட்டு ஒளிந்திருக்கும்போது கூப்பிடும் கை வேறு. ஊரிலிருந்து ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, பஸ் ஏறப் போனவனைத் திரும்ப ஒரு தரம் கூப்பிடும் கை இன்னும் வேறு. விரல்கள் மடங்குவதென்னவோ ஒரே மாதிரிதான்! இந்த வித்தியாசம்தான் அபிநயம்.

சிருங்காரம் பற்றி அவருக்கு உறுதியான கருத்து இருந்தது. காதல் பாவம் உள்ள பதங்களை ஒதுக்கிவிட்டுக் கலையைச் சுத்தப்படுத்த வேண்டும் என்று சிலர் நினைத்தார்கள். சிருங்காரமே இந்தக் கலையின் உச்சம், பக்தி அதிலேயே அடங்கியிருக்கிறது, சுத்தப்படுத்த இதில் அழுக்கே இல்லை என்பது பாலாவின் நிலை. 1975ஆம் ஆண்டு சென்னைத் தமிழ் இசைச் சங்க விழாவில் தலைமை உரையாற்றியபோது, நாட்டியக் கச்சேரி வரிசையை அவர் ஒரு கோயிலோடு ஒப்பிட்டு விளக்கினார். அலாரிப்பு கோபுர வாசல். ஜதிஸ்வரமும் சப்தமும் மண்டபங்கள். வர்ணம் ஆண்டவன் சந்நிதிக்குள் நுழைவது. பதம் சந்நிதியின் அமைதி. தில்லானா கடைசியில் ஏற்றும் கற்பூரம். தாசி ஆட்டம் என்று கேலி செய்தவர்களுக்கு இதைவிட அழகான பதில் கிடையாது.

உலகம் கண்ட கைகள்

1955இல் சங்கீத நாடக அகாடமி விருது. 1957இல் பத்ம பூஷண். 1961இல் டோக்கியோ. 1962இல் அமெரிக்கா, அங்கே நாட்டியக்காரர்களின் புகழ்பெற்ற ஜேக்கப்ஸ் பில்லோ மேடை. 1963இல் எடின்பரோ விழா. மொழி தெரியாத கூட்டம், பாட்டின் சொல் ஒன்றுகூடப் புரியாத கூட்டம், கட்டுண்டு கிடந்தது. லேத் சத்தத்துக்கு நடுவே நமக்குக் கை புரிகிறதே, அதே கதைதான்!

1973இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. இசைக் கலைஞர்களுக்கே தரப்பட்டு வந்த அந்தப் பட்டம் முதன்முறையாக ஒரு நாட்டியக் கலைஞருக்குக் கிடைத்தது. 1977இல் பத்ம விபூஷண்.

அந்தக் கல்கத்தாப் பையனை ஞாபகம் இருக்கிறதா? அவர் உலகப் புகழ்பெற்ற இயக்குநராகி, 1976ஆம் ஆண்டு பாலா என்ற ஆவணப் படத்தை எடுத்தார். நாலு பத்தாண்டு காத்திருந்து பட்ட கடனைத் தீர்த்த மாதிரி! அரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகமான படம். நண்பர்களே, அவசியம் பாருங்கள். கடற்கரையில் நின்று அந்தக் கண்ணன் பாட்டுக்கு அபிநயம் பிடிக்கிறார். காற்று சேலையைப் பிடித்து இழுக்கிறது. அவர் கவனம் துளியும் கலையவில்லை. ஒல்லியான உடம்பு இல்லை, இளமை இல்லை, வயது ஐம்பத்தெட்டு. ஆனால் நான் பார்த்தது ஒரு தாயை. அவர் கூப்பிடும் பக்கம் நானும் திரும்பிப் பார்த்தேன், குழந்தை வருகிறதா என்று. அதே படத்தில் ராகமாலிகை வர்ணமும் ஆடுகிறார். அதற்கு அவர் காலில் கட்டியிருந்த சலங்கை, ஏழு வயதில் அரங்கேற்றத்துக்குக் கட்டிய அதே சலங்கை!

1984ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் சென்னையில் பாலசரஸ்வதி மறைந்தார். வயது 65. மகள் லட்சுமி அந்த மரபைத் தொடர்ந்து ஆடினார். அவருக்குப் பிறகு பேரன் அனிருத்தா அதை ஏந்திக்கொண்டார். மருமகன் டக்ளஸ் நைட் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு 2010இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

நமக்கு என்ன?

கையால் வேலை செய்பவனை இந்த ஊர் ஒரு படி கீழே வைத்துத்தான் பார்க்கிறது. டிப்ளமோதானே, அழுக்குச் சட்டைதானே என்று கல்யாண வீட்டில்கூடக் காதுபடப் பேசுகிறார்கள். பேசட்டும். குயவர் கை, தச்சர் கை, நெசவாளர் கை, நட்டுவனார் வீட்டுப் பெண்ணின் கை... இந்த நாட்டில் அறிவு ரொம்பக் காலம் கையில்தான் குடியிருந்தது. பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, செய்தவரைத் தள்ளி நிறுத்துவது நம் பழைய பழக்கம். பாலசரஸ்வதி சண்டை போட்டு அதை எதிர்க்கவில்லை. தன் வேலையில் ஒரு நூல்கூடத் தரம் குறையாமல் செய்து, பட்டம் கொடுக்கிறவர்கள் தன் இடத்துக்கு வந்து கொடுக்கும்படி செய்தார்.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அவரைப் போன்ற திறமையோடு எத்தனையோ பெண்கள் பெயர் தெரியாமலேயே போனார்கள் என்பதும் சேர்ந்ததுதான் இந்தக் கதை. பரதநாட்டியம் என்று எங்கே கேட்டாலும் அவர்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோம். அரம் பிடித்தாலும் அபிநயம் பிடித்தாலும், கை பொய் சொல்லாமல் இருக்கட்டும்.

வாழ்க கலை! வளர்க நம் மாணவர் பேரவை!

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு